பைல் பீரோவுக்கு ஒரு பாகம்

“அம்மா, உள்ளே ஒரு பாகம் உடைஞ்சுபோச்சு,” என்றார் கோமதிநாயகம்.

“உங்களுக்கா, பீரோவுக்கா?” என்று கேட்டார் செண்பகத்தம்மா.

கேள்வியில் நியாயம் இருந்தது. முந்தின வாரம் முழுக்க அவர் தன்னைப் பற்றித்தான் அப்படிப் புலம்பிக்கொண்டிருந்தார். எத்தனை பாராயணம் பண்ணினாலும், எவ்வளவு நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தாலும், உள்ளே ஏதோ ஒரு பாகம் இல்லாத மாதிரியே இருக்கிறது; ஊரில் எல்லாருக்கும் அதைக் கொடுத்தனுப்பிய கடவுள் எனக்கு மட்டும் மறந்துவிட்டான் போல என்று.

“பீரோவுக்கும்மா.”

“அப்பாடா,” என்றார் அம்மா. “அப்போ சரிபண்ணிரலாம்.”

தென்காசிக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த மடம். சின்ன மடம்தான். தலைவி செண்பகத்தம்மாவுக்கு நாற்பதுக்குச் சற்று மேலே இருக்கும். சீடர் கோமதிநாயகமோ அறுபதைத் தாண்டியவர். தாலுகா ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு வீட்டை மகனிடம் விட்டுவிட்டு, இனி நீங்கதான் கதி என்று வந்து காலில் விழுந்தார்.

அம்மா அவரை எழுப்பி, நெற்றியில் விபூதி பூசி, மடத்து ஆபீஸ் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தார்.

ஞானம் கேட்டு வந்தவனுக்குச் சாவிக்கொத்தா! அவருக்கு நெஞ்சு சுருக்கென்றது. ஆனாலும் குரு கொடுத்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

ஆபீஸ் என்றால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பைல் பீரோ. பச்சை வண்ணம் பூசிய இரும்பு பீரோ. ஒன்றின் மேல் ஒன்றாக நாலு இழுப்பறை. மலை மேலே ஒரு எஸ்டேட்டை மூடியபோது மடத்துக்குத் தானமாக வந்தது. சரியான கனம். அதைச் செய்த கம்பெனியும் எப்போதோ மூடிப்போயிற்று.

அதற்குள் மடத்துக் கணக்கு கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் ஊர்ச் சனங்களுடையது. சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் அந்தப் பக்கத்தில் ஒழுகாத வீடு கிடையாது. ஒழுகாத வீட்டில் கரையான் இருக்கும். அதனால் ஆனி பிறந்ததும் பட்டா, வீட்டுப் பத்திரம், பிள்ளைகள் படித்த சான்றிதழ் என்று எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு மடத்துக்கு வருவார்கள். பீரோவில் வைக்கச் சொல்லிவிட்டு, அப்படியே சாமிக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். மழையெல்லாம் ஓய்ந்த பிறகு வந்து எடுத்துக்கொள்வார்கள்.

கோமதிநாயகம் வந்த பிறகு இந்த வேலைக்கு ஒரு களை வந்தது. ஒவ்வொரு கட்டுக்கும் நாடா போட்டார். பெயர் எழுதி ஒட்டினார். ஆள்தான் ரிட்டயர் ஆகியிருந்தார். கை இன்னும் டூட்டியில்தான் இருந்தது.

தாலுகா ஆபீசில் அவர் இருந்த செக்ஷனில் ஒரு வழக்கம் உண்டு. முடிவு தெரியாத பைலை வைத்த இழுப்பறையை முழுக்க அடைக்க மாட்டார்கள். ஒரு விரல் நுழைகிற அளவுக்குச் சந்து விட்டுத்தான் தள்ளுவார்கள். அடைத்துவிட்டால் பைல் செத்துப்போகும் என்று பேச்சு. சந்து தெரிந்தால் போகிறவர் வருகிறவர் கண்ணில் பட்டு, என்றைக்காவது ஒருநாள் உத்தரவு வந்துவிடும். நிஜமோ பொய்யோ, அவர் காலத்தில் எத்தனையோ பைல்கள் அப்படி உயிர் பிழைத்திருக்கின்றன.

மடத்துக்கு வந்த பிறகு, முடிவு தெரியாத சங்கதி என்று அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு காவி வேட்டி.

அதை அவரேதான் திருநெல்வேலிக்குப் போய் எடுத்துவந்தார். நல்ல நாள் பார்த்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து, அம்மா முன்னால் நீட்டினார்.

“இதை உங்க கையால எனக்குக் கொடுக்கணும்,” என்றார்.

அம்மா துணியைத் தொட்டுப் பார்த்தார். நல்ல அழுத்தமான துணி என்று சொன்னார்.

“வைங்க. பார்ப்போம்,” என்றார்.

வைத்தார். பீரோவின் மேல் இழுப்பறையைக் காலிசெய்து, அதற்குள் அந்த ஒரு துணியை மட்டும் வைத்து, வழக்கப்படி தள்ளிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஆபீசுக்குள் நுழையும்போதெல்லாம் முதல் பார்வை அங்கேதான் போகும்.

நாலைந்து நாள் கீழே உள்ள அறைகளைத் திறக்கிற வேலை வரவில்லை. வியாழக்கிழமை வந்தது.

செங்கல் சூளையில் வேலை பார்க்கும் முப்பிடாதி தன் மகள் அனுசுயாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெண்ணுக்குத் திருநெல்வேலியில் நர்சிங் படிக்க இடம் வந்திருந்தது. திங்கட்கிழமை காலையில் அசல் சான்றிதழோடு நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அந்தச் சான்றிதழ்கள் பீரோவின் மூன்றாவது அறையில் இருந்தன.

கோமதிநாயகம் சாவியைப் போட்டுத் திருப்பினார். சாவி நன்றாகத் திரும்பியது. மூன்றாவது அறையை இழுத்தார். வரவில்லை.

இரண்டாவதை இழுத்தார். நாலாவதை இழுத்தார். இரண்டு கையாலும் பிடித்து, காலை பீரோவில் உதைத்துக்கொண்டு இழுத்தார். பீரோதான் நகர்ந்தது. மேல் அறை மட்டும் தொட்டதும் வந்தது, தள்ளியதும் போனது.

பூட்டுக்கும் கீழ் அறைகளுக்கும் நடுவே உள்ளே ஏதோ ஒரு பாகம் உடைந்துவிட்டது என்று அவர் முடிவுக்கு வந்தார். அம்மாவிடம் போய்ச் சொன்னதும் அப்போதுதான்.

முப்பிடாதி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவரைக் குடைந்தது. அந்தக் காகிதங்களை அவள் அரிசிப் பானைக்குள் வைக்கிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மடத்து பீரோவில் வைப்பது கஜானாவில் வைத்த மாதிரி, நான் பொறுப்பு என்று வலியப் போய் வாங்கி வந்தவர் அவர்.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு மௌன விரதம். அன்றைக்கு யாரோடும் பேச மாட்டார். கோமதிநாயகம் காலையிலேயே போய் நின்றார். அம்மா பலாப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

“நான் வர்றதுக்கு முன்னால இந்த ஆபீசை நீங்கதானே பாத்தீங்க? பீரோவை எப்படித் திறப்பீங்கம்மா?” என்று கேட்டார்.

அம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். இடது உள்ளங்கையை விரித்து, எதிரே ஏதோ இருப்பது போல அழுத்தித் தள்ளினார். பிறகு வலது கைச் சுட்டுவிரலை மடக்கித் தன் பக்கமாக இழுத்தார். புரிந்ததா என்று புருவத்தைத் தூக்கினார்.

கோமதிநாயகத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வந்த நாளிலிருந்து அவர் காத்திருந்த உபதேசம் இது. கண்ணில் நீர் முட்டியது. அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார்.

“புரிஞ்சுதும்மா,” என்றார்.

அம்மா தலையசைத்துவிட்டுப் பலாச்சுளைக்குத் திரும்பினார்.

தென்காசி போகிற பஸ்ஸில் உட்கார்ந்து அவர் அந்த முத்திரைக்கு விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டே போனார். உலகத்தை வெளியே தள்ளு, ஈசனை உள்ளே இழு. இடது கை மாயை, வலது கை அருள். மடக்கிய விரல் ஜீவன். எவ்வளவு பெரிய விஷயத்தைப் பலாப்பிசின் ஒட்டிய கையால் சொல்லிவிட்டார் என்று மாய்ந்து மாய்ந்து போனார்.

பீரோ நினைவு தென்காசியில் இறங்கியபோதுதான் வந்தது.

இரும்புச் சாமான் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். எல்லாக் கடையிலும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். என்ன பாகம் வேண்டும்?

உள்ளே இருக்கிற பாகம் என்றார். எப்படி இருக்கும் என்றார்கள். பார்த்ததில்லை என்றார். கம்பியா, பட்டையா, சுருளா என்று கேட்டார்கள். உடைந்துவிட்டது, அது மட்டும் நிச்சயம் என்றார். ஒரு கடைக்காரர் பொறுமையாக, அண்ணாச்சி, எது உடைஞ்சுதுன்னு தெரியாம அதுக்குப் பதில் எதைக் கொடுக்கச் சொல்லுதீங்க என்று கேட்டு, தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

சனிக்கிழமை மடத்து செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டு சென்னை, மதுரை, கோயம்புத்தூர் என்று ஆபீஸ் தளவாடம் விற்கிற இடங்களுக்கெல்லாம் பேசினார். கம்பெனி பெயரைச் சொன்னதும் சிரித்தார்கள். அந்த மாதிரி பீரோவா, இன்னும் இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டார்கள். ஒருவர், புதுசு வாங்கிக்கோங்க சார், பழசைத் தூக்கிப் போடுங்க என்றார். தூக்கிப் போடலாம், உள்ளே இருக்கிற பெண்ணை எங்கே போடுவது என்று கோமதிநாயகம் கடுப்போடு போனை வைத்தார்.

அனுசுயா உள்ளே இருப்பதாகவே அவர் நினைக்க ஆரம்பித்திருந்தார்.

அன்று சாயங்காலம் வெல்டிங் பட்டறை தங்கப்பாண்டி வந்து பீரோவைத் தட்டிப் பார்த்தான். கோமதிநாயகம் மேல் அறையைத் திறந்து காட்டி, இது நன்றாக இருக்கிறது, கோளாறு கீழேதான் என்று விளக்கிவிட்டுத் தள்ளினார். தங்கப்பாண்டி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். இது அந்தக் காலத்து இரும்பு, கடப்பாரை போட்டால் கடப்பாரைதான் வளையும் என்றான். கேஸ் வைத்து வெட்டலாம். ஆனால் உள்ளே இருக்கிற காகிதம் கருகினால் தன்னைக் கேட்கக் கூடாது என்றான்.

அம்மா யோசித்தார். தான் வந்து ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டார்.

கோமதிநாயகம் பதறிப்போனார். குருவை இரும்பு தொட வைப்பதா? அதற்கு ஒரு சீடன் எதற்கு?

“நேத்து நீங்க காட்டினதே எனக்குக் காலத்துக்கும் போதும்மா. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்,” என்றார்.

காட்டிய பிறகும் திறக்கவில்லை என்றால் நிஜமாகவே உடைந்திருக்கும் போலிருக்கிறது என்று அம்மா நினைத்துக்கொண்டார். பிறகு முடிவாகச் சொன்னார்.

“நாளைக்கு விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் தேடுங்க. அதுக்குள்ள பாகம் வரலைன்னா தங்கப்பாண்டி வெட்டட்டும். பாதி கருகினாலும் பாதி மிஞ்சும். அந்தப் பிள்ளை வெறுங்கையோட போய் நிக்கக் கூடாது.”

கோமதிநாயகத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் திருநெல்வேலிப் பக்கம் மேலப்பாளையத்துக்கு பஸ் ஏறினார். அங்கே மீராசா பாய் என்று ஒருவர், மூடிப்போன கம்பெனிகளின் தட்டுமுட்டுச் சாமான்களை வாங்கி விற்கிறார் என்று தென்காசிக் கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டாம்.

கடை என்றால் கடையா அது. ஒரு பெரிய தகரக் கொட்டகை. காலொடிந்த நாற்காலி, வாயில்லாத தண்ணீர்த் தொட்டி, பேர் அழிந்த போர்டு என்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடந்தது. அதற்கு நடுவே, சுவரோரமாக, நின்றது அது.

பச்சை பீரோ. நாலு அறை. அதே கம்பெனி. அச்சு அசல் மடத்து பீரோவின் கூடப் பிறந்தது.

கோமதிநாயகத்துக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. கிட்டே போய் அதன் தலையைத் தடவினார்.

“இது வேணும்,” என்றார்.

மீராசா பாய் நல்ல வியாபாரி. ஓடாத சாமானை ஓடும் என்று சொல்லி விற்கிற ஆள் இல்லை. வாங்குகிறவர் கண் முன்னால் காட்டித்தான் கொடுப்பார். துண்டால் தூசியைத் தட்டிவிட்டு, மேல் அறையை இழுத்துக் காட்டினார், அடைத்தார். இரண்டாவதை இழுத்தார், அடைத்தார். மூன்றாவது. நாலாவது. எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தன.

“எண்ணெய்கூட விட வேண்டாம் அண்ணாச்சி,” என்றார்.

எதற்கும் ஒரு தடவை தானே பார்த்துவிடலாம் என்று கோமதிநாயகம் முன்னால் வந்தார். மேல் அறையை இழுத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். தள்ளினார். இரண்டாவதை இழுத்தார்.

வரவில்லை.

மூன்றாவதை இழுத்தார். வரவில்லை. “இதுலயும் அந்தப் பாகம் போச்சா?” என்றார்.

இப்போதுதானே திறந்து காட்டினேன் என்று மீராசா பாய் திகைத்தார். அவரை விலக்கிவிட்டு, மேல் அறையைக் கையால் தட்டிவிட்டு, இரண்டாவதை இழுத்தார். வந்தது. மூன்றாவது வந்தது. எல்லாவற்றையும் அடைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

கோமதிநாயகம் மறுபடியும் மேல் அறையிலிருந்து தொடங்கினார். இழுத்தார், பார்த்தார், தள்ளினார். இரண்டாவதைத் தொட்டார். அசையவில்லை.

பாய் பீரோவைப் பார்த்தார். பிறகு கோமதிநாயகத்தைப் பார்த்தார்.

“என் கை பட்டா திறக்குது. உங்க கை பட்டா பூட்டிக்கிடுதே. என்ன அண்ணாச்சி இது?”

கோமதிநாயகம் தன் கையைப் பார்த்தார். கை இன்னும் பீரோ மேல்தான் இருந்தது. அதன் பக்கத்தில், மேல் அறைக்கும் சட்டத்துக்கும் நடுவே, ஒரு விரல் நுழைகிற சந்து இருந்தது.

அந்தச் சந்தை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இது யாருடைய பீரோ? இதற்குள் முடிவு தெரியாத சங்கதி என்ன இருக்கிறது? வெறும் காலி அறை. அதற்கும் சந்து விட்டிருக்கிறது கை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இடது உள்ளங்கையை விரித்தார். மேல் அறையை அழுத்தித் தள்ளினார். உள்ளே எங்கோ ‘டக்’ என்று ஒரு சத்தம். வலது சுட்டுவிரலை மடக்கி மூன்றாவது அறையை இழுத்தார்.

வந்தது.

சந்தேகம் தீர மேல் அறையைத் திறந்து, அடைக்காமல் விட்டு, மூன்றாவதை இழுத்தார். வரவில்லை. ஒன்று திறந்திருந்தால் மற்றதைத் திறக்க விடாத பீரோ அது. செய்தவன் அப்படித்தான் செய்திருக்கிறான்.

உள்ளங்கை தள்ளுகிறது, விரல் இழுக்கிறது. பலாப்பிசின் ஒட்டிய கை அப்போதுதான் அவர் கண் முன்னால் வந்தது. “ஐயோ, அம்மா பீரோவைத்தான் காட்டினாங்க,” என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது போதாது என்று, வெண்ணெய்க்கு வேதாந்த விளக்கம் வேறு!

பாய் ஒன்றும் புரியாமல் பீரோ வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். கோமதிநாயகம் அவர் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ஒண்ணுமே உடையலை பாய். ஒண்ணுமே உடையலை.”

நெஞ்சின் மேலிருந்து யாரோ இறங்கிப் போனது போல இருந்தது அவருக்கு. மூன்று நாளைக்குப் பிறகு பசித்தது. பாய் வாங்கிக் கொடுத்த டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் தங்கப்பாண்டி நினைவுக்கு வந்தான்.

மடத்துக்கு போன் பண்ணித் தடுத்துவிடலாம் என்று பைக்குள் கையை விட்டார். கைக்கு செல்போன் அகப்பட்டது. மடத்தில் இருப்பதே அந்த ஒரு போன்தான்.

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்.

அன்றைக்கென்று பஸ் எல்லா ஊரிலும் நின்றது. ரயில்வே கேட்டில் சாவகாசமாக ஒரு சரக்கு ரயில் போயிற்று. தென்காசி தாண்டியதும் சாரல் வலுத்தது. இறங்கியவர் குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டார். மலைச்சரிவில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அந்த வயதில் அப்படி ஓடி அவரை யாரும் பார்த்ததில்லை.

ஆபீஸ் வாசலில் கேஸ் சிலிண்டர் நின்றது. உள்ளே தங்கப்பாண்டி முகத்தில் கண்ணாடி மாட்டி, குழாயைப் பற்றவைத்துவிட்டு, நெருப்பைச் சன்னமாக்கிக்கொண்டிருந்தான். முப்பிடாதி சுவரோடு சுவராக நின்றாள். அனுசுயா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு வாளி தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார்.

கோமதிநாயகத்துக்கு மூச்சு வாங்கியது. பேச்சு வரவில்லை. ஈர வேட்டியோடு தங்கப்பாண்டிக்கும் பீரோவுக்கும் நடுவே புகுந்தார்.

இடது உள்ளங்கையால் மேல் அறையைத் தள்ளினார். ‘டக்’ என்றது. வலது சுட்டுவிரலால் மூன்றாவதை இழுத்தார்.

முழு அறையும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. நாடா போட்டுக் கட்டிய கட்டுகள் வரிசையாக இருந்தன. முன்னாலேயே இருந்தது அனுசுயாவின் பெயர்.

தங்கப்பாண்டி நெருப்பை அணைத்தான். நல்லவேளை சார், இந்தப் பாவத்துக்கு நான் ஆளாகாமப் போனேன் என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டான். முப்பிடாதி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அழுதது. கோமதிநாயகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

“என்ன கோளாறாம்?” என்று கேட்டார் அம்மா.

“மேல உள்ளதை நான் அடைக்காம விட்டிருந்தேன்மா.”

“அதைத்தானே வெள்ளிக்கிழமை காட்டினேன்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு, மாயை, அருள், ஜீவன் என்று தான் விளங்கிக்கொண்டதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். முடியாமல் சிரித்துவிட்டார். சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மடத்தில் அவர் அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை.

“நான் பீரோவைச் சொன்னேன் ஐயா,” என்றார்.

அதற்குள் முப்பிடாதி கிளம்ப அவசரப்பட்டாள். திருநெல்வேலிக்குப் போகிற பஸ் வருகிற நேரம். தங்கச்சி வீட்டில் தங்கி, காலையில் எழுந்து போவதாக ஏற்பாடு. வெளியே சாரல் மழையாகவே மாறியிருந்தது. சான்றிதழ்களைப் போட அவள் கொண்டுவந்த பிளாஸ்டிக் பை அடியில் கிழிந்திருந்தது. பரவாயில்லை ஐயா, முந்தானைக்குள்ள வச்சுக்கிடுதேன் என்றாள். முந்தானையும் நனைந்துதான் இருந்தது.

கோமதிநாயகம் அறையைச் சுற்றிலும் பார்த்தார். மூன்றாவது இழுப்பறையை முழுக்க அடைத்தார். மேல் அறையைத் திறந்தார். மடிப்புக் கலையாத அந்தத் துணியை எடுத்து உதறினார்.

நல்ல அழுத்தமான துணி. சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் பையோடு அதன் நடுவில் வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக மடித்துச் சுற்றினார். எத்தனை மடிப்பு விழுந்தாலும் இன்னும் ஒரு சுற்றுக்குத் துணி இருந்தது. குறுக்கும் நெடுக்குமாக நாடா போட்டு, தாலுகா ஆபீஸ் முடிச்சாக ஒன்று போட்டார்.

“ஒரு சொட்டு உள்ளே போகாது. நெஞ்சோட அணைச்சுக்கோ தாயி,” என்று அனுசுயா கையில் கொடுத்தார்.

பெண் குனிந்து அவர் காலைத் தொட்டது. முப்பிடாதி மகள் தலைக்கு மேல் குடையைப் பிடித்தாள். இரண்டு பேரும் மழைக்குள் இறங்கினார்கள். பாதை திரும்புகிற இடம் வரை அந்தக் காவிப் பொட்டலம் தெரிந்தது. சற்று நேரத்தில் பஸ் நின்று போகிற சத்தம் கேட்டது.

தங்கப்பாண்டி சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனான்.

கோமதிநாயகம் மேல் அறையை அடைத்தார். ‘டக்’ என்றது. இரண்டாவதைத் திறந்து, கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்க்க ஆரம்பித்தார். எதிலாவது ஈரவாடை அடிக்கிறதா என்று அவருக்குக் கவலை. ஊர்ச் சொத்து அல்லவா.

“பாகம் கிடைச்சுதா?” என்று கேட்டார் அம்மா.

“இல்லைம்மா. தேவைப்படலை,” என்றார். ஒரு கட்டு சற்று ஜில்லென்று இருந்தது. அதைத் தனியே மேசையில் வைத்து, நாடாவை அவிழ்த்து, காகிதங்களைப் பரப்பினார். கூடவே ஏதோ ஒரு பழைய பதிகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் பாடுகிறார் என்பது அவருக்கே தெரியாது.

அம்மா வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு அதைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

“வர்ற பௌர்ணமி நாள் நல்லாருக்கு,” என்றார். “வேற துணி ஒண்ணு எடுத்துட்டு வாங்க. என் கையால கொடுத்துருதேன்.”

கோமதிநாயகம் விளக்கை மேசைக்குப் பக்கமாக நகர்த்தி, அடுத்த கட்டைக் கையில் எடுத்து, மூக்கருகில் கொண்டுபோனார்.

“எதுக்கும்மா?” என்றார்.